முதலில் பார்த்தவள்

எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் யாரும் 'ஆட்டிசம்' என்ற சொல்லோடு என்னிடம் பேச்சைத் தொடங்கியதில்லை. "நிலாவக் காட்டுனா பாக்க மாட்டேங்கான் டீச்சர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அல்லது, "பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான். ஆனா பிஸ்கட் கவரு சத்தம் கேட்டா அடுப்படியிலருந்து ஓடியாரான்." ஒருத்தி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தண்ணி வேணும்னா எங்கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி பானை மேல வைக்கான். எம் மூஞ்சியப் பாக்க மாட்டான். கை மட்டுந்தான் அவனுக்கு வேணும்." இந்த மூன்றும் நான் படித்த பாடப் புத்தகங்களில் கனமான பெயர்களோடு அச்சாகியிருக்கின்றன. எட்டாவதோடு பள்ளியை விட்ட பெண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துச் சோறூட்டும் நேரத்தில் தாங்களாகவே இவற்றைக் கண்டிருந்தார்கள்.

நிலா காட்டுவது சின்ன விஷயமில்லை. ஒரு வயதைத் தாண்டுகிற பிள்ளை அம்மாவின் விரல் போகும் திசையில் பார்க்கும். பார்த்த கையோடு அம்மாவின் முகத்துக்குத் திரும்பி, அவளும் பார்த்தாளா என்று சரிபார்த்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் தானே விரலை நீட்டிக் காக்காவையும் பஸ்ஸையும் காட்டத் தொடங்கும். எடுத்துத் தா என்று கேட்பதற்காக அல்ல. நான் பார்த்ததை நீயும் பார் என்பதற்காக. பேச்சு வேர்விடுவது இந்த இடத்தில்தான். ஒன்றரை வயது ஆன பிறகும் ஒரு பிள்ளை இப்படிக் காட்டவில்லை, காட்டினாலும் பார்க்கவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை என்றால் தாமதிக்காமல் பரிசோதிக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சோறூட்டும் நேரத்தில் அந்தப் பரிசோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் முடிவை அம்மா சொல்லும்போது நம்புவதற்குத்தான் ஆளில்லை.

நான் முட்டுக்காட்டிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் சிறப்புக் கல்வி படித்துவிட்டு ஊர் திரும்பியபோது தென்காசி தனி மாவட்டமாகவில்லை. 2019 நவம்பரில்தான் ஆனது. பெரிய பரிசோதனை எதுவானாலும் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும். கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களுக்கு வீடு வீடாகப் போவது என் வேலையாக இருந்தது. போன வீடுகளில் பாதிக்கு மேல் பீடி வீடுகள். மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும், பக்கத்தில் நூல் உருண்டை. கட்டுக் கணக்கு முடிந்தால்தான் அன்றைக்குக் கூலி. அந்தப் பெண்ணிடம் போய், "பிள்ளையோட தினமும் மூணு மணி நேரம் உக்காந்து பயிற்சி குடும்மா" என்று சொல்கிறவர் அவள் வீட்டுக்குள் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்திராதவராகத்தான் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு வீட்டில்தான் அந்தப் பையனைப் பார்த்தேன். ஒரு வயது பத்து மாதம். நூல் உருண்டையைத் தரையில் உருட்டி, அது சுற்றுவதைக் கன்னம் தரையில் படப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே வந்ததை அவன் கவனிக்கவில்லை. அம்மா இலையை மடித்தபடியே சொன்னாள்: "மொதப் பொறந்தநாளுக்கு எடுத்த வீடியோல 'அத்த'ன்னு சொல்லுதான் டீச்சர். 'தா'ன்னு கையை நீட்டுதான். இப்ப ஒண்ணும் இல்ல. எங்க போச்சுன்னு தெரியல." செல்லை எடுத்துக் காட்டினாள். சொன்னது உண்மைதான். வந்த சொற்களும் சிரிப்பும் ஒன்றரை வயதுவாக்கில் மெல்லக் கழன்று போவது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நடக்கிறது. அந்த வீடியோவை அவள் எத்தனை ராத்திரி போட்டுப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஏ தாயி, இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான். இப்ப ஊரு வாயெல்லாம் அவன்கிட்டதான் இருக்கு. இவ ஒருத்திக்குத்தான் பயம்." டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று கேட்டேன். காட்டியிருந்தார்கள். ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அஞ்சு வயசு வரைக்கும் பார்ப்போம் என்று அவர் அனுப்பிவிட்டாராம்.

அஞ்சு வயது! மூளை வேகமாகத் தன்னை அமைத்துக்கொள்கிற முதல் மூன்று வருடங்களை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு எதைப் பார்ப்பது? இந்த ஒரு வாக்கியத்தின் மீது எனக்குள்ள கோபம் இன்று வரை தணியவில்லை. சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அம்மா பயப்படக் கூடாது என்று நினைத்துச் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டதும் அவள் பயம் போய்விடுவதில்லை. துணைக்கு ஆளில்லாத பயமாக மாறுகிறது, அவ்வளவுதான். தான் கண்டதைத் தானே சந்தேகிக்கத் தொடங்குகிறாள். அதன்பின் கேட்பதையே நிறுத்திவிடுகிறாள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த அக்கா ஒருவர் இருந்தார். வீட்டுக்குப் போனால் நாற்காலி கொடுத்தாலும் உட்கார மாட்டார். பாயில், பிள்ளையின் கண் மட்டத்தில் உட்காருவார். கேள்வித்தாளை எடுப்பதற்கு முன் அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "உனக்கு என்னம்மா தோணுது?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். சில சமயம் வெகுநேரம் பதில் வராது. அக்கா அவசரப்பட மாட்டார். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் உண்மையான வரலாறு என்பார். அந்தப் பீடி வீட்டில் நான் அதே கேள்வியைக் கேட்டபோது அவள் இலையைக் கீழே வைத்தாள். "இவன் என் வயித்துல இருக்கும்போதும் நான் பீடிதான் சுத்துனேன். அந்தத் தூளுதான் இப்படிப் பண்ணிட்டுன்னு தோணுது. அத்தையும் அதத்தான் சொல்லுதாக."

பெற்றோருக்குத் துணையாக நிற்பது என்றால் முதலில் செய்ய வேண்டியது அந்தப் பழியை இறக்கி வைப்பது. மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான். பழி சுமக்கிற கையால் பிள்ளையோடு விளையாட முடியாது. புகையிலைத் தூள் யாருக்கும் நல்லதில்லை, பிள்ளை புழங்கும் இடத்திலிருந்து தள்ளி வை என்று சொன்னேன். ஆனால் அதனால்தான் இது வந்தது என்று சொல்ல உலகத்தில் எந்த மருத்துவரிடமும் சான்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கிரகணத்தில் வெளியே வந்தாயா, செல்லைக் கொடுத்துப் பழக்கினாயா, வேலை வேலை என்று பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாயா என்று கேட்கிற எல்லோருக்கும் அதே பதில்தான்.

இந்தப் பழி நம் ஊரில் பிறந்ததும் அல்ல. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். ஆட்டிசம் தனியாக அடையாளம் பெற்றது அதிலிருந்துதான். அந்தப் பெற்றோரிடம் அன்பின் வெதுவெதுப்புக் குறைவு என்ற தொனியில் அவர் எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். குளிர்ந்த மனம் படைத்த தாய்தான் காரணம் என்று 1967-இல் புரூனோ பெத்தல்ஹைம் ஒரு புத்தகமே எழுதினார். ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தக் குற்றத்தோடு வாழ்ந்தார்கள். அதை எதிர்த்து எழுந்தவர்களில் முக்கியமானவர் ஒரு தகப்பன்: பெர்னார்ட் ரிம்லாண்ட், உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. இது வளர்ப்பால் வருவதல்ல, பிறப்பிலேயே உள்ள நரம்பியல் காரணத்தால் வருவது என்று 1964-இலேயே அவர் வாதிட்டிருந்தார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று காட்டினார்கள். அறிவுலகத்தில் தாயின் மீதான வழக்கு தள்ளுபடியாகி இத்தனை வருடங்கள் ஆகின்றன. நம் திண்ணைகளில் அது இன்னும் நடக்கிறது.

அந்தப் பையனுக்கு முதலில் செவித்திறன் சோதனைக்குத்தான் ஏற்பாடு செய்தோம். பெயர் சொல்லித் திரும்பாத எந்தப் பிள்ளைக்கும் காதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தூங்க வைத்து, தலையில் மின்முனை ஒட்டிச் செய்யும் 'பெரா' சோதனை. காது நன்றாக இருந்தது. பிறகு 'எம்-சாட்' என்ற கேள்வித்தாள். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கானது, 20 கேள்விகள், ஆம், இல்லை என்று பெற்றோர் பதில் சொல்ல வேண்டும். இது தீர்ப்புத் தாள் அல்ல. மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று சொல்கிற தாள். பதில் சொல்லிக்கொண்டே வந்தவள், சுட்டிக் காட்டுவது பற்றிய கேள்வியில் நின்றுவிட்டாள். "இந்தத் தாளு எழுதுனவுக எங்க வீட்டுக்கு வந்திருந்தாகளா?" என்று கேட்டாள். வேறு எங்கேயோ இருக்கிற அம்மாக்களும் இதையேதான் பார்த்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அன்று தெரிந்தது. அவள் முகத்தில் நான் கண்ட தெளிவு, தான் பைத்தியம் இல்லை என்று அறிந்த ஒருத்தியின் தெளிவு.

நிபுணர் பார்த்து முடிவு சொல்ல மாதங்கள் ஆயின. அது வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெயர் தெரிந்தால்தான் சிகிச்சை தொடங்க முடியும் என்று நினைத்து ஒரு வருடத்தை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையோடு விளையாடுவதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. கடைசியில் ஆட்டிசம் இல்லை, வெறும் பேச்சுத் தாமதம்தான் என்று ஆனாலும் விளையாடியதால் ஒரு நட்டமும் கிடையாது. நான் பார்த்த பிள்ளைகளில் ஒருத்திக்குக் காதுதான் பிரச்சினை என்று தெரிந்தது. கருவி வைத்ததும் பேச்சு வந்தது. அவளுக்கும் அந்த மாதங்கள் உதவியாகத்தான் இருந்தன.

என்ன விளையாட்டு? இதற்காகப் பொம்மை வாங்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு வைத்து, நண்டு ஊர்ந்து அக்குள் வரைக்கும் போய்க் கிச்சுகிச்சு மூட்டுகிற விளையாட்டு நம் வீடுகளில் இருக்கிறதே, அதைவிட நல்ல பயிற்சியை நான் எந்த நாட்டுக் கையேட்டிலும் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை. பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். கை முழங்கை வரைக்கும் ஊர்ந்து போனதும் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நம்மால் முடியாதது அந்தக் காத்திருப்புத்தான். பிள்ளை அசையும், உடம்பை முறுக்கும், ஒரு சத்தம் போடும், ஏதோ ஒரு நொடி முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அந்த நொடியில் கிச்சுகிச்சு. தன் பார்வைக்கு ஒரு பதில் உண்டு என்று அந்தப் பிள்ளை அறிந்துகொள்வது அங்கேதான்.

அந்தப் பீடி வீட்டில் இதை எல்லோரையும் விட நன்றாகச் செய்தது யார் தெரியுமா? திண்ணையில் உட்கார்ந்து நம்ப மாட்டேன் என்ற அதே ஆச்சிதான். மருமகளுக்குக் கட்டுக் கணக்கு. ஆச்சிக்கு நேரம் இருந்தது, பாட்டு இருந்தது, அவசரம் இல்லாத கை இருந்தது. "இது என்ன புதுசா, ஏம் பிள்ளைகளுக்கெல்லாம் நான் செஞ்சதுதான்" என்றார். ஆமா ஆச்சி, நீங்க செஞ்சதுதான், நடுவுல மட்டும் கொஞ்சம் நிப்பாட்டுங்க என்றேன். அதன்பின் அந்தப் பையனுக்கு ஆச்சியின் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைக்கத் தெரிந்தது. அதற்கும் கொஞ்ச காலம் கழித்து, வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கத் தெரிந்தது. அன்றைக்குத்தான் ஆச்சி என்னிடம், "இவன் அப்பன் லேட்டாப் பேசுனாந்தான். ஆனா கூப்பிட்டாத் திரும்புவான், தாயி" என்று சொன்னார். மருமகளும் அங்கேதான் இருந்தாள்.

கடையநல்லூரில் ஒரு வாப்பா. துபாயில் வேலை. மகன் பிறந்தபின் பெரும்பாலும் செல்போன் திரையில்தான் பார்த்திருந்தார். விடுப்பில் வந்தவர் பை நிறையக் கார் பொம்மைகள் கொண்டு வந்திருந்தார். பையன் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றினான். வாப்பாவின் பக்கம் திரும்பவில்லை. "இவனுக்காகத்தான் வந்தேன், இவனுக்கு என்னத் தெரியவே இல்ல" என்று மட்டும் சொன்னார். இப்படி மனம் உடைந்த தகப்பன்மார் கோபத்தைத் தாயின் மேல் கொட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் அப்படிச் செய்யவில்லை. இன்னொரு காரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் படுத்து, அவன் செய்வதையே நீங்களும் செய்யுங்கள், பேச வேண்டாம், இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். படுத்தார். பையன் சுழற்றினான், அவரும் சுழற்றினார். அவன் நிறுத்தினான், அவரும் நிறுத்தினார். பையனுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வேண்டுமென்றே ஒரு முறை நிறுத்திவிட்டு ஓரக்கண்ணால் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு நேராகவே பார்த்தான். அவர் எழுந்து வாசலில் போய் நின்றுவிட்டுத்தான் திரும்பி வந்தார். விடுப்பு முடிந்து போன பிறகும் ராத்திரி வீடியோ அழைப்பில் அங்கே ஒரு சக்கரம், இங்கே ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

செல்போனை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தினோம். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதைப் பத்து நிமிடம் படம் பிடித்து, அவளோடு உட்கார்ந்து பார்ப்பது. தவறுகளைச் சுட்டுவதற்கில்லை. பிள்ளை பார்த்த நொடி, அவள் காத்திருந்த நொடி, அவன் சத்தத்துக்கு அவள் பதில் சத்தம் போட்ட நொடி, அவற்றில் மட்டும் நிறுத்திக் காட்டுவது. பிரிட்டனில் உருவான இந்த முறையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நம் சூழலுக்கு ஏற்றபடி மாற்றி, நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே வீடுகளில் நடத்திப் பார்த்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கோடு ஒத்துப்போவதும், பிள்ளை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியிருந்ததை 2016-இல் வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. பெரிய நகரத்தில் வாடகைக்கு வீடு எடுத்து, வேலையை விட்டு, நகையை அடகு வைத்துத்தான் பிள்ளைக்கு வழி தேட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சங்கரன்கோவில் வீட்டுக்குள்ளேயே செய்ய முடியும். எங்கள் பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் சமூகப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பித் தொடக்கநிலைப் பயிற்சி கொடுக்கிறது. 1981-இல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்.

நகையை அடகு வைப்பது என்றதும் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. ஒரு தம்பதி, 'ஸ்டெம் செல்' ஊசி போட்டால் பேச்சு வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பல லட்சத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். வயலை விற்கப் பேச்சு நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில், ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகத் தர அனுமதி இருப்பது சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு மட்டும். ஆட்டிசம் அதில் இல்லை. இதைச் சொல்லிப் புரியவைக்கப் பல மாலைகள் ஆயின. அவர்களை ஏமாளிகள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வருடமாக எந்தக் கதவும் திறக்காத வீட்டில், 'நான் சரியாக்குகிறேன்' என்று சொல்கிறவனுக்குத்தான் நாற்காலி கிடைக்கும். நாம் முன்னாலேயே போய்ப் பாயில் உட்கார்ந்திருந்தால் அவன் வந்திருக்க மாட்டான்.

அதே போலத்தான் தடுப்பூசி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பி, ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தம்பிக்கும் தங்கைக்கும் ஊசி வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையை 1998-இல் வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வதந்தி மட்டும் திரும்பவில்லை. தட்டம்மை பிள்ளையைக் கொல்லும். ஊசி ஆட்டிசத்தைத் தராது. இதில் வழவழவென்று பேச எனக்குப் பிடிக்காது.

அங்கன்வாடியில் சனிக்கிழமை பிற்பகலில் அம்மாக்களைக் கூட்டினோம். முதலில் நான் ஏதேதோ படம் வைத்துப் பேசினேன். அதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு தாங்களாகப் பேசத் தொடங்கினார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து விடியும் வரை சிரித்துக்கொண்டே ஓடுகிற பிள்ளையைப் பற்றி, கல்யாண வீட்டில் மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறியதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சொன்னதைப் பற்றி, வெள்ளைச் சோறு தவிர எதுவும் தொடாத பிள்ளையைப் பற்றி. ஒருத்தி சொல்லும்போது இன்னொருத்தி, "எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க்கா" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்கள் பஸ் ஏறி வந்தார்கள். பிள்ளை கையை உதறுவதைத் தடுக்கத் துணியால் கட்டிவைத்த ஒரு தாய்க்கு, "அது அவன் சந்தோசம், கட்டாத" என்று எடுத்துச் சொன்னது நானில்லை. அவளைப் போலவே இன்னொரு தாய். நான் சொல்லியிருந்தால் அது வெறும் பாடமாகத்தான் போயிருக்கும்.

ஒரு அம்மாவிடம் உனக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டபோது, "தலைக்கு எண்ணெ தேச்சுக் குளிக்கணும் டீச்சர். மனசார. கதவப் பூட்டிக்கிட்டு" என்றாள். மறு வாரத்திலிருந்து ஒரு முறை வைத்தோம்: சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம், அந்த நேரத்தில் அம்மாக்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். சில பேர் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். திட்ட அறிக்கையில் இதை எழுத இடம் இல்லை. என்னைக் கேட்டால் நாங்கள் செய்ததில் மிகவும் பயன்பட்டது இதுதான்.

மறுபடி கருவுற்ற ஒரு பெண், "இதுக்கும் வருமா?" என்று கேட்டாள். மூத்த பிள்ளைக்கு இருந்தால் அடுத்ததுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்பதை மறைக்காமல் சொன்னேன். ஐந்தில் நான்கு வராது என்பதையும் சொன்னேன். இந்த முறை பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆனதிலிருந்தே நாம் சேர்ந்து பார்ப்போம் என்றேன். பெண் குழந்தை பிறந்தது. பெண் பிள்ளைகளிடம் அறிகுறிகள் அமைதியாக இருக்கும், "சமத்துப் பிள்ளை, யாரையும் தேடாது" என்று ஊர் மெச்சும்போது தவறிப்போய்விடும் என்பதால் கூடுதலாகவே கவனித்தோம். அவளுக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பதுதான் அவள் வேலை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பேச்சு வந்தது என்று சொன்னால் அது பொய். நூல் உருண்டை உருட்டிய பையன் நான்கு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசினான். இன்று பள்ளிக்குப் போகிறான், கணக்கு அவனுக்குப் பிடித்த பாடம். துபாய் வாப்பாவின் மகனுக்கு ஏழு வயதிலும் வாய்ப்பேச்சு இல்லை. பட அட்டையை எடுத்துக் கொடுத்துக் கேட்கிறான். முறுக்கு, ஊஞ்சல், வாப்பா என்று மூன்று அட்டைகள் கிழிந்து மாற்றும் அளவுக்குத் தேய்ந்துவிட்டன. இந்த இரண்டு வீட்டிலும் நாங்கள் செய்த வேலை ஒன்றுதான். முதல் வீட்டில் வெற்றி, இரண்டாவதில் தோல்வி என்று யாராவது கணக்கெழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெற்றோர் அழுவது இருக்கும் பிள்ளைக்காக அல்ல, தாங்கள் மனதில் வளர்த்த வேறொரு பிள்ளைக்காக என்று ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் 1993-இல் பெற்றோரைப் பார்த்துச் சொன்னார். அந்த அழுகைக்கு இடம் கொடுத்த பிறகு, கண்முன் இருக்கும் பிள்ளையிடம் திரும்பி வர ஒரு கை தேவைப்படுகிறது. அந்தக் கையாக இருந்ததைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்போது ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும். அதன் அம்மா உங்களிடம், "கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குது" என்று சொன்னால், அப்பாவும் லேட்டாத்தான் பேசினார் என்று சொல்லாதீர்கள். காது சோதனைக்கு அவளோடு பஸ் ஏறுங்கள். 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை பரிசோதனை இலவசம். அங்கன்வாடிக்கு வருகிற மருத்துவக் குழு வேனிலேயே கேட்கலாம். அவர்கள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழும் அட்டையும் வாங்குவது வெட்கப்பட வேண்டியதல்ல, பிள்ளையின் உரிமை. போகும் நாள் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இன்று ராத்திரியே பிள்ளையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விளையாடுங்கள். நடுவில் நிறுத்தி, அது உங்களைப் பார்க்கும் வரை பொறுத்திருங்கள்.